தாய்மொழிக் கட்டம்

சூடாமணி ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பரமக்குடி பஸ் ஏறிப் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அவளைப் போக வைத்தது ஸ்வர்ணாதான். "போங்க" என்று வாயைத் திறந்து சொல்லவில்லை, அதைவிட மோசமாகச் சொன்னாள். "உங்க வாயாலதான் எம்புள்ள ஊமையா நிக்குது" என்றாள். கணவனுடைய அக்கா, கல்யாணமே வேண்டாமென்று தம்பி வீட்டோடு இருந்துவிட்டவள், ஸ்வர்ணாவின் மகள் காவ்யஸ்ரீ பிறந்த நாளிலிருந்து இடுப்பை விட்டு இறக்காதவள். அவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? ஆனால் ஸ்வர்ணா சொன்னாள். சொல்லிவிட்டு அன்று நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள்.

அந்த நிம்மதிக்கெல்லாம் சேர்த்துத்தான் இந்தச் சனிக்கிழமை வந்தது.

2003, ஜூலை மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கே ஸ்வர்ணா மதுரை பந்தடித் தெருவில் ஆட்டோ பிடித்துவிட்டாள். ஒரு கையில் காவ்யா, இன்னொரு கையில் துணிப்பை, பைக்குள் ஃபைல்கள். ஹாரன் அடிக்கும்போதெல்லாம் காவ்யா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அடுத்த மாதம் இருபதாம் தேதி அவளுக்கு ஏழு வயது முடிகிறது. அம்மா என்று ஒரு வார்த்தை இன்னும் வரவில்லை.

காவ்யாவை இதுவரை ஆறு பேர் பார்த்திருக்கிறார்கள். காது டாக்டர் காது நன்றாகக் கேட்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். நரம்பு டாக்டர் ஒரு சிரப் எழுதினார். பிள்ளை பகலெல்லாம் தூங்கி வழிந்தது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் அந்தத் தூக்கத்தைப் பார்த்துவிட்டு, 'குழந்தை ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவைத்தார். ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் புரட்டிப் பார்த்ததே கிடையாது. ஆட்டிசம் என்ற வார்த்தையைச் சொன்னவர் ஐந்தாவது ஆள். அதை எப்படி எழுதுவது என்றுகூட ஸ்வர்ணாவுக்கு அப்போது தெரியாது.

இப்போது போகிற இடம் அப்படியில்லை. அண்ணாநகரைத் தாண்டி ஒரு அறக்கட்டளைக்காரர்கள் நடத்துகிற மையம். மாதத்தில் ஒருநாள் குழந்தை டாக்டர், மனநல ஆலோசகர், பேச்சுப் பயிற்சியாளர், உடற்பயிற்சிக்காரர் எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரே ஃபைல். ஆளுக்கொன்று சொல்லி அலைய விடுகிற வேலை கிடையாது. மூன்று மாதம் காவ்யாவை வரவழைத்துப் பார்த்துவிட்டார்கள். இன்றைக்கு முடிவு சொல்கிறோம் என்றிருந்தார்கள்.

முடிவு இரண்டில் ஒன்று. பேச்சு வகுப்பு, இல்லையென்றால் பராமரிப்பு வகுப்பு. பேச்சு வகுப்பில் காலியாக இருப்பது ஒரே ஒரு இடம். ஏழு வயது முடிந்த பிள்ளையை அதில் புதிதாக எடுக்க மாட்டார்கள்.

தாழ்வாரத்து பெஞ்சில் உசிலம்பட்டி முத்துத்தாய் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வருகிறவள். அவள் மகன் முத்துக்குமரனுக்கு ஒன்பது வயது. ஒரு வருஷமாகப் பராமரிப்பு வகுப்பில் இருக்கிறான்.

"வாத்தா. இன்னைக்குத்தான ஒனக்குச் சொல்றாக?"

"ஆமாக்கா. பத்து மணிக்கு மேலதான் கூப்பிடுவாங்களாம்."

"எதுல போட்டாலும் நல்லாத்தான் பாத்துக்கிறாக. எம்மகனுக்குச் சோறு திங்கச் சொல்லிக் குடுத்தாக, சட்டை மாட்டச் சொல்லிக் குடுத்தாக. நான் பொய் சொல்லக் கூடாது, அம்புட்டும் பழகிட்டான். பேச்சு மட்டும் அங்கன கேக்காதீக. அது அந்த வகுப்புல கெடையாது."

காவ்யா பெஞ்சின் இரும்புக் காலை விரலால் தட்டித் தட்டி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆமா, நீங்க மகாலுப் பக்கம் பட்டுநூல்காரவுகதான? ஒங்களுக்குள்ள வேற பேச்சுல பேசிக்கிருவீகளே. பிள்ளைக்கும் அந்தப் பேச்சுதானா?"

"இல்லக்கா. எங்க வீட்டுல தமிழ் மட்டும்தான்" என்றாள் ஸ்வர்ணா. சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

"அடியாத்தி! பெறந்ததுலருந்து பேசுன பேச்ச எப்பிடித்தா விட்டீக?"

எப்படி விட்டார்கள் என்பதை முத்துத்தாயிடம் சொல்ல ஸ்வர்ணாவுக்கு நேரமில்லை. நாம் சொல்லிவிடலாம்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால், வேறொரு இடத்தில், பேச்சுப் பரிசோதனை செய்த ஒரு அம்மாள் தாழ்வாரத்தில் இவர்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டாள். வெளியூர்க்காரி. "வீட்டுல ரெண்டு பாஷையா? அதான் குழந்தை குழம்பிப்போயிருக்கு. ஒரே பாஷை பேசுங்க. தமிழ் மட்டும்" என்று சொல்லி அனுப்பினாள். கேட்ட அன்றே ஸ்வர்ணா சட்டம் போட்டாள். அடுப்படிக் கதவில் 'தமிழ் மட்டும்' என்று காகிதம் ஒட்டினாள். கணவன் வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னால் முறைத்தாள். பந்தடித் தெருவில் வீட்டுக்கு வீடு சௌராஷ்டிரம்தான், தெருவில் காய்கறி பேரம்கூட அதில்தான் நடக்கும். அந்தச் சத்தம் காதில் விழக்கூடாதென்று சித்திரை வெயிலிலும் ஓடிப்போய் ஜன்னலை அடைத்தாள். வியர்த்து வழிந்துகொண்டு மூன்று பெரியவர்கள் ஒரு பிள்ளையிடம், பள்ளிக்கூடப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி தமிழ் பேசினார்கள். சும்மா சொல்லக்கூடாது, ஸ்வர்ணா மாதிரி டாக்டர் பேச்சைக் கேட்டு நடந்த தாய் மதுரையிலேயே கிடையாது.

சூடாமணியால்தான் முடியவில்லை. காவ்யாவைக் கண்டால் அவளுக்கு வாயில் தானாக வருவது அந்தப் பேச்சுதான். அதில் தொடங்கிய சண்டைதான் பரமக்குடி பஸ்ஸில் போய் முடிந்தது.

பத்தரை மணிக்கு ஸ்வர்ணாவின் கணவன் ராஜேஷ்குமார் வந்து சேர்ந்தான். விளக்குத்தூண் ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். சனிக்கிழமை அரை நாள் லீவு கேட்டால் முதலாளி முகம் எப்படிப் போகும் என்பதை அவன் முகத்திலேயே பார்க்கலாம்.

"கூப்பிட்டாங்களா?"

"இப்பத்தான் கூப்பிடுறாங்க. வாங்க."

மேஜையைச் சுற்றி நாலு பேர். நடுவில் குழந்தை டாக்டர் கனகலட்சுமி. கதவோரம் நின்றவன் மலையாண்டி. பிள்ளைகளின் பழைய காகிதங்களை ஊர் ஊராகப் போய் வாங்கிக்கொண்டு வந்து சேர்ப்பதுதான் அவன் வேலை.

"உக்காருங்கம்மா" என்றார் கனகலட்சுமி. "போன வாரம் வரைக்கும் நாங்க பராமரிப்பு வகுப்புன்னுதான் முடிவு பண்ணி வச்சிருந்தோம். ஒரு வார்த்தைகூட வந்ததில்லன்னு ஃபைல்ல இருக்கு. நீங்களும் மாசாமாசம் அதையேதான் எழுதிக் குடுத்திருக்கீங்க."

போச்சு, எல்லாம் போச்சு என்று ஸ்வர்ணா நினைத்தாள்.

"ஆனா நேத்து ஒரு பேப்பர் வந்திருக்கு. மலையாண்டி நாலு தடவை நடந்து வாங்கிட்டு வந்தார். முதமுதல்ல பேச்சு டெஸ்ட் எடுத்தாங்களே, அந்த ஒரிஜினல் தாள். உங்ககிட்ட ரிப்போர்ட் மட்டும்தான் குடுத்திருப்பாங்க. இது அவங்க ஃபைலுக்குள்ளயே இருந்திருக்கு."

தாளின் மேல்பகுதி பெற்றோர் நிரப்பியது. ராஜேஷ்குமாரின் கையெழுத்து. குழந்தையின் பெயர், வயது, முகவரி. தாய்மொழி என்ற கட்டத்தில் 'தமிழ்' என்று எழுதியிருந்தது.

கீழே பரிசோதனை செய்த அம்மாள் எழுதியது. பேசிய வார்த்தைகள்: பூஜ்யம். அதற்கும் கீழே, 'அர்த்தமில்லாத ஒலிகள்' என்று தலைப்புப் போட்டு, காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் வரிசையாக எழுதியிருந்தாள். மொத்தம் பதினொன்று.

பேச்சுப் பயிற்சியாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். "தம்ளரைக் காட்டினப்போ, பாணி. பால் படத்தைக் காட்டினப்போ, தூத். கையைக் காட்டினப்போ, ஹாத். பொம்மையப் பாத்து, ஆவ், ஆவ்... இதெல்லாம் என்னம்மா? உங்களுக்கு ஏதாவது தெரியுதா?"

ஸ்வர்ணா எழுந்து நின்றுவிட்டாள். எதற்கு எழுந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"பாணின்னா தண்ணி சார்" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "தூத்துன்னா பால். ஹாத்துன்னா கை. ஆவ்னா... ஆவ்னா வான்னு அர்த்தம்."

கையைக் காட்டி இது என்ன என்று கேட்டதற்குக் கை என்று பதில் சொல்லியிருக்கிறது பிள்ளை. பாலைக் காட்டினால் பால் என்றிருக்கிறது. நாலு வயதுப் பிள்ளை கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லி, பூஜ்யம் வாங்கியிருக்கிறது. அந்தப் பூஜ்யத்தைத்தான் ஸ்வர்ணா இரண்டரை வருஷம் டாக்டர் டாக்டராகத் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

"டெஸ்ட் எடுக்குறப்ப நீங்க உள்ள இல்லையா?"

"எங்கள வெளிய உக்காரச் சொல்லிட்டாங்க மேடம். எங்கிட்ட இதுல ஒண்ணுகூட அவ சொன்னதில்ல, வாய்க்குள்ள ஏதோ முணுமுணுப்பா, அதப் பேச்சுன்னு நான் நெனைக்கல."

"சரி, தாய்மொழி தமிழ்னு ஏன் எழுதுனீங்க?"

கேள்வி ராஜேஷ்குமாருக்கு. அவன் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழக்கம் மேடம்" என்றான். "ஒண்ணாப்பு சேக்குறப்ப கிளார்க்கே தமிழ்னு எழுதிட்டாரு. அஞ்சாப்புல நானா சௌராஷ்டிரம்னு எழுதுனேன். வாத்தியாரு வகுப்புல நிப்பாட்டி, எங்கடா அந்தப் பாஷையில ஒரு பாட்டுப் பாடுன்னாரு. எல்லாரும் சிரிச்சானுங்க. அதுலருந்து எங்க எழுதச் சொன்னாலும் தமிழ்தான் எழுதுவேன். யோசிக்கிறதே இல்ல."

"உங்க வெக்கத்துக்கு எம்புள்ள வாய்தான் கெடச்சுதா?" என்றாள் ஸ்வர்ணா.

சபையில் கணவனை அப்படிப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. ராஜேஷ்குமார் தலையை நிமிர்த்தவில்லை. அவன் நிமிர்ந்து பதில் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

பேச்சுப் பயிற்சியாளர் தொண்டையைச் செருமினார். "அவரை மட்டும் சொல்லாதீங்கம்மா. வீட்டுப் பேச்ச நிறுத்துங்கன்னு நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன். அப்பிடித்தான் எங்களுக்கும் சொல்லிக்குடுத்தாங்க. இப்பல்லாம் சொல்றதில்ல."

"இப்பல்லாம்னா எப்பருந்து சார்?"

அவர் தாளை மடித்து ஃபைலில் வைத்தார். பாவம், நேர்மையான மனுஷன். ஆனால் அந்த நேர்மையை வைத்துக்கொண்டு ஸ்வர்ணா என்ன செய்வாள்?

கனகலட்சுமி குனிந்து காவ்யாவைப் பார்த்தார். பிள்ளை தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது. "நீங்க கூப்பிடுங்கம்மா. அந்தப் பேச்சுலயே கூப்பிடுங்க. பாப்போம்."

ஸ்வர்ணா முட்டி போட்டு உட்கார்ந்தாள். இரண்டரை வருஷமாக நாக்கில் வராமல் பூட்டி வைத்திருந்த சொல் உடனே வரவில்லை.

"காவ்யா... ஆவ். ஆவ் கண்ணு."

காவ்யாவின் கை கட்டையில் அப்படியே நின்றது. மெல்ல எழுந்தாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்வர்ணா இரண்டு கையையும் நீட்டினாள்.

பிள்ளை அம்மாவைக் கடந்து நேரே ஜன்னலுக்குப் போனது. எட்டாத கொக்கியை நுனிக்காலில் நின்று இழுத்து, இரண்டு கதவையும் அடைத்தது. அடைத்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் கட்டைகளை அடுக்க உட்கார்ந்துவிட்டது.

அடக் கொடுமையே! அந்தப் பேச்சு காதில் விழுந்தால் ஜன்னலை அடைக்க வேண்டும் என்பதுதான் பிள்ளை வீட்டில் கற்றுக்கொண்ட பாடம். வேறு எந்தப் பாடமும் அதற்கு அவ்வளவு கச்சிதமாக ஏறவில்லை.

"ஏன் ஜன்னல அடைக்கிறா?" என்று கேட்டார் மனநல ஆலோசகர்.

ஸ்வர்ணா சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் முந்தானை நனைந்துவிட்டது. அழாதீங்க என்று யாரும் சொல்லவில்லை. அது ஒன்றுதான் அவர்கள் செய்த பெரிய உதவி.

"இவளுக்கு அந்தப் பேச்சு புரியுதும்மா" என்றார் கனகலட்சுமி. "புரிஞ்சதாலதான் அடைக்கிறா. அதனால அந்த ஒரு எடத்த நாங்க இன்னிக்கு யாருக்கும் குடுக்கல. அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை வரைக்கும் வச்சிருக்கேன். அவ பொறந்தநாளுக்கு முன்னாடி அதுதான் கடைசி மீட்டிங். அவகிட்ட அந்தப் பேச்சுல பேசி, அவளும் பதில் பேசுன ஆள் வேற யாராவது வீட்டுல இருந்தாங்களா?"

ராஜேஷ்குமார் அப்போதுதான் வாயைத் திறந்தான். "எங்க அக்கா இருந்தாங்க."

"கூட்டிட்டு வாங்க. அவங்க கூப்பிடட்டும். நாங்க எல்லாரும் கூட இருந்து பாக்கணும். ஒரு வார்த்தை வந்தாப் போதும், பேச்சு வகுப்புல போட்டுடலாம். வரலன்னா என்னால அந்த எடத்தப் பிடிச்சு வைக்க முடியாதும்மா. வெளிய இன்னும் புள்ளைங்க காத்திருக்கு."

வெளியே வந்ததும் முத்துத்தாய் "என்னாச்சுத்தா?" என்று எழுந்தாள். ஸ்வர்ணா அவளைத் தாண்டி நடந்துவிட்டாள். நின்று பேசினால் அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்துவிடுவோம் என்ற பயம்.

தெரு முனையில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது.

"வீட்டுக்குப் போய் நான் பேசுறேன்" என்றான் ராஜேஷ்குமார். "அக்கா எங்கிட்டன்னா எறங்கி வருவாங்க."

"நான்தான் தொரத்துனேன். நான்தான் கூப்பிடணும். நீங்க பிள்ளையப் பிடிங்க."

கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு நம்பரைப் போட்டாள். பரமக்குடியில் சூடாமணியின் சின்னத் தம்பி வீட்டில் மணி அடித்தது. நாலாவது மணிக்கு எடுத்தது சூடாமணியேதான். "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே ஸ்வர்ணாவுக்குக் குரல் தெரிந்துவிட்டது.

ஸ்வர்ணா சௌராஷ்டிரத்தில் பேசினாள். பேச வேண்டும் என்று யோசிக்கவில்லை, அதுவே வந்தது. நான் செய்தது பாவம் என்றாள். தெரியாமல் செய்துவிட்டேன் என்றாள். தாளைப் பற்றி, பதினொரு வார்த்தைகளைப் பற்றி, ஜன்னலைப் பற்றி, மூச்சு விடாமல் கொட்டினாள். நீங்கள் வந்தால் போதும், உங்கள் காலில் விழுகிறேன் என்றாள்.

எதிர்முனையில் சூடாமணி பேசினாள். தமிழில் பேசினாள்.

"நல்லாயிருக்கியா ஸ்வர்ணா?"

பரமக்குடியில் வீடு முழுக்க, தெரு முழுக்கச் சௌராஷ்டிரம் பேசுகிறவர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, தன்னிடம் மட்டும் தமிழில். செருப்பால் அடித்திருந்தால்கூட ஸ்வர்ணாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"அக்கா, நம்ம பேச்சுலயே பேசுங்கக்கா."

"இல்லம்மா. எனக்கு இப்ப தமிழ்தான் வருது. நீ சொன்னதெல்லாம் கேட்டேன். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அங்க இருந்த வரைக்கும் சொல்லத் தைரியம் இல்ல."

"சொல்லுங்க."

"நீ தடை போட்டப்புறமும் அவ பேசிக்கிட்டுத்தான் இருந்தா."

ஸ்வர்ணா கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"ஆறு மாசம் பேசுனா. மொட்டமாடில நானும் அவளும் மட்டும் இருக்குறப்ப. ரெண்டு ரெண்டு வார்த்தையாச் சேத்துக்கூடப் பேச ஆரம்பிச்சா. நீ வந்தா நிறுத்திருவா, அம்புட்டு வெவரம். உங்கிட்டச் சொல்லணும்னு தினம் நெனைப்பேன். சொன்னா நீ மாடிக்கும் பூட்டுப் போட்டுருவியோன்னு பயம்."

"அக்கா..."

"முழுசாக் கேளு. ஒருநாள் நல்ல வெயிலு. தண்ணி வேணும்னு பாணி, பாணின்னு கத்துனா. சந்தோஷமாத்தான் கத்துனா. அப்ப நீ படியேறி வார சத்தம் கேட்டுச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவ வாயப் பொத்திட்டேன் ஸ்வர்ணா. அவ திமிறத் திமிறப் பொத்திட்டேன். நீ கொடியில கெடந்த துணிய எடுத்துட்டு எறங்கிப் போற வரைக்கும் கைய எடுக்கல. எடுத்தப்ப ஒதட்டுல ரத்தம். பல்லு குத்தியிருக்கு."

வெளியே ராஜேஷ்குமாரின் கையைப் பிடித்துக்கொண்டு காவ்யா பூத்தின் கண்ணாடியை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அதுக்கப்புறம் அவ பேசவே இல்ல. உன் சட்டத்தால இல்ல. என் கையால. என் வாயாலதான் புள்ள ஊமையா நிக்குதுன்னு நீ சொன்னப்ப நான் ஒரு வார்த்தை எதுத்துப் பேசலையே, ஏன்னு யோசிச்சியா? நீ சொன்னது நெசம்னு எனக்குத் தெரியும். அதான் பெட்டிய எடுத்துட்டு வந்துட்டேன்."

"அதெல்லாம் இப்ப வேணாம்க்கா. நீங்க வாங்க. ஒரு வார்த்தை வந்தாப் போதும். எடம் கெடச்சிரும்."

"நான் வாரேன்னு வச்சுக்க. நாலு டாக்டரு பாக்க, அவ முன்னால போய் நிக்கிறேன். என்னையக் கண்டதும் அவ தன் வாயத் தானே பொத்திக்கிட்டா, அப்ப என்ன செய்வ?"

ஸ்வர்ணாவால் ரிசீவரை வைக்க முடியவில்லை. பரமக்குடியில் சூடாமணியும் வைக்கவில்லை.